றிமோட் கார் பற்றரி: சார்ஜ் போடுவது முதல் காருக்குள் பூட்டுவது வரை

பெட்டியைப் பிரித்த கையோடு காரை ஓட்டிப் பார்க்க யாருக்கும் அந்தரமாகத்தான் இருக்கும். ஒரு பின்னேரம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். றிமோட் காரில் கியர், ரயர், மோட்டார் எது பழுதானாலும் மாற்றிக்கொள்ளலாம். பற்றரியைப் பிழையாகக் கையாண்டால் பற்றரியோடு மட்டும் அது முடியாது, வைத்திருந்த மேசையும் சேர்ந்து எரியலாம். அதற்காகப் பயப்படவும் தேவையில்லை. பழக வேண்டியது கொஞ்சம்தான், அதிலும் பெரும்பகுதி பற்றரியின் மேலே ஒட்டியிருக்கும் லேபிளிலேயே இருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் செய்முறை வீடியோக்களில் பல குளிர் நாடுகளில் எடுத்தவை. எங்கள் வெயில், 230 வோல்ற் மின்சாரம், சொல்லாமல் கொள்ளாமல் நின்று வரும் கரண்ட், இந்த மூன்றும் அவற்றில் வராது. யாழ்ப்பாணத்தில் பற்றரியின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த மூன்றும்தான். முக்கியமாக வெயில்.

லேபிளை வாசிப்பது

பொழுதுபோக்குக் கார்களில் வருவது பெரும்பாலும் இரண்டு வகைப் பற்றரி. ஒன்று நிக்கல் மெற்றல் ஹைட்ரைட். பென்ரோச் பற்றரியை விடக் கொஞ்சம் தடித்த உருளைகள் ஆறை ஒன்றாகச் சேர்த்துப் பிளாஸ்ரிக் உறையால் இறுக்கியிருப்பார்கள். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ற், ஆறு செல்லுக்கு 7.2 வோல்ற். மற்றது லித்தியம் பொலிமர், எல்லோரும் லிப்போ என்று சொல்வது. தட்டையாக இருக்கும். சிலது மெல்லிய உறையோடு, சிலது கடினமான பிளாஸ்ரிக் கூட்டுக்குள் வரும். ஒரு செல்லுக்கு 3.7 வோல்ற் என்று எழுதியிருப்பார்கள், முழுதாக நிரம்பும்போது அது 4.2 ஆகும். 2 எஸ் என்றால் இரண்டு செல், 7.4 வோல்ற். 3 எஸ் என்றால் மூன்று செல், 11.1 வோல்ற்.

லிப்போவை வயரைப் பார்த்தே பிடித்துவிடலாம். தடித்த சிவப்பு, கறுப்பு வயர் சோடி ஒன்று, அதைவிட மெல்லிய வயர்கள் சேர்ந்த சின்ன வெள்ளைக் கனெக்டர் ஒன்று. 2 எஸ் பற்றரியில் அந்த மெல்லிய வயர் மூன்று, 3 எஸ் இல் நான்கு. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து சமப்படுத்துவதற்குத்தான் அது. பலன்ஸ் வயர் என்பார்கள்.

லேபிளில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். 5000 எம்ஏஎச் என்பது கொள்ளளவு. அதாவது 5 அம்பியர் வீதம் ஒரு மணித்தியாலம் கொடுக்கும். 50 சி என்பது எவ்வளவு வேகமாக மின்னை வெளியே விடலாம் என்பதற்கான எண். அதைச் சார்ஜ் போடும் எண் என்று நினைத்துவிடாதீர்கள். சார்ஜுக்கு வேறாக எதுவும் எழுதியிருக்காவிட்டால் 1 சி என்று எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஏஎச் எண்ணை 1000 ஆல் பிரித்தால் வருவது அம்பியர். 5000 என்றால் 5 அம்பியர், 1500 என்றால் 1.5 அம்பியர். அதற்குக் குறைவாகப் போட்டால் நேரம்தான் கூடும், பற்றரிக்குக் கெடுதல் இல்லை.

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: ஓட்டப் போவது சின்னப் பிள்ளை என்றால் நிக்கல். வேகம் குறைவுதான், பாரமும் கூடத்தான், ஆனால் பிழைவிட்டாலும் பொறுத்துப்போகும். லிப்போவைச் சார்ஜ் போடும்போது வளர்ந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவே வேண்டும்.

சார்ஜரைப் பார்ப்பது

வெளிநாட்டிலிருந்து வந்த சார்ஜர் என்றால் சுவரில் செருகுவதற்கு முதல் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் உள்வரும் மின் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 100–240 வோல்ற் என்றால் பிரச்சினை இல்லை, பிளக் பொருந்த ஒரு அடப்ரர் போதும். 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால் அது கனடா, அமெரிக்கா மின்சாரத்துக்குச் செய்தது. அடப்ரர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்றைக் குறைக்காது. எங்கள் 230 இல் செருகினால் சார்ஜர் போய்விடும். இங்கிலாந்திலிருந்து வரும் சதுரக் கால் பிளக் சிரமம் தராது.

காரோடு பெட்டியில் வரும் சின்னச் சார்ஜர்கள் ஆறுதலாக வேலை செய்பவை. 3000 எம்ஏஎச் நிக்கல் பற்றரிக்கு 500 மில்லி அம்பியர் சார்ஜர் என்றால் கணக்குப்படி 6 மணித்தியாலம், வீணாகப் போவதையும் சேர்த்தால் 7, 8 மணித்தியாலம் வரும். சிலது நிரம்பினாலும் தானாக நிற்காது. கொப்பியில் தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து, நீங்களே கழற்ற வேண்டும். நேரக் கணக்கில் நிற்கும் வகையும் இருக்கிறது. அதில் கரண்ட் நின்று வந்தால் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடலாம், பாதி நிரம்பிய பற்றரிக்கு முழு நேரமும் மின் போகும். கரண்ட் நின்ற நாளில் அந்தச் சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஏற்கெனவே எவ்வளவு நேரம் போனது என்று பார்த்து மிச்சத்துக்கு மட்டும் போடுங்கள்.

கொஞ்சம் காசு செலவழிக்கலாம் என்றால் திரையும் பலன்ஸ் துளைகளும் உள்ள சார்ஜர் ஒன்று வாங்குங்கள். ஐமாக்ஸ் பி6 போன்றவை நிக்கல், லிப்போ இரண்டுக்கும் வேலை செய்யும். முதலில் வந்த பி6 இன் வலு 50 வோற். 2 எஸ் பற்றரி நிரம்பும்போது 8.4 வோல்ற், அதற்கு 5 அம்பியர் கொடுக்க 42 வோற் போதும். 3 எஸ் என்றால் 12.6 வோல்ற், அப்போது 4 அம்பியருக்குக் கிட்டத்தான் வரும். இவற்றில் பலவற்றுக்கு 11 முதல் 18 வோல்ற் வரை, பற்றரியிலிருந்து வரும் நேரோட்ட மின்னும் கொடுக்கலாம். அதாவது கரண்ட் இல்லாத நாளில் உண்மையான காரின் பற்றரியிலிருந்து எடுக்கலாம். மோட்டார் சைக்கிள் பற்றரி சின்னது, அதிலிருந்து எடுத்தால் பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்துத்தான் ஸ்ரார்ட் பண்ண வேண்டிவரும்.

இதில் மாறக்கூடாத ஒன்று இருக்கிறது: நிக்கலுக்கு நிக்கல் முறை, லிப்போவுக்கு லிப்போ முறை. நிக்கல் பற்றரி நிரம்பியதும் அதன் வோல்ற் கொஞ்சம் இறங்கும். சார்ஜர் அந்த இறக்கத்துக்காகக் காத்திருந்து நிற்கும். லிப்போவில் அந்த இறக்கம் வராது. அதனால் லிப்போவை நிக்கல் முறையில் போட்டால் சார்ஜர் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும், செல் 4.2 ஐத் தாண்டி ஊதும், பிறகு எரியும். லிப்போ தீ விபத்துகளில் இது நன்றாகத் தெரிந்த ஒரு காரணம்.

எங்கே, எப்போது

லிப்போவைச் சார்ஜ் போடும் வெப்பத்துக்குப் பொதுவான எல்லை 45 பாகை செல்சியஸ். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அந்த அளவு வந்துவிடும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அதையும் தாண்டும். ஆகவே சார்ஜ் போடும் நேரம் காலை அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. ஓடி முடித்த பற்றரியை உடனே போடக்கூடாது. கையில் எடுத்தால் உங்கள் உள்ளங்கையை விடச் சூடாகத் தெரியாத அளவுக்கு ஆறட்டும், அரை மணித்தியாலமாவது.

இடம்: விறாந்தையின் சீமெந்துத் தரை நல்லது. கட்டில், பாய், பலகை மேசை, திரைச்சீலைக்குக் கீழே, ஓலை வேலிக்கு அருகே, இதெல்லாம் வேண்டாம். வீட்டில் எரிவாயு சிலிண்டரோ மண்ணெண்ணெயோ வைக்கும் இடம் இருந்தால், அதிலிருந்தும் விலகியே இருங்கள். லிப்போவுக்கென்று தீத்தடுப்புப் பைகள் விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் பெரிய மண்சட்டி ஒன்று எடுங்கள், அடியில் இரண்டு அங்குலத்துக்கு உலர்ந்த மணலைப் போட்டு அதன்மேல் பற்றரியை வையுங்கள். வாயை இறுக்கி மூட வேண்டாம், புகை வெளியே போக வழி வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். கடற்கரை மணல் உப்பும் ஈரமும் பிடித்தது, அதைச் சட்டிக்குள் போடாதீர்கள்.

சார்ஜ் ஏறும்போது படுக்கவோ கடைக்குப் போகவோ கூடாது. நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வீட்டில் இருக்க முடியாத நாள் என்றால் அன்றைக்குச் சார்ஜ் இல்லை.

சார்ஜ் போடும் வரிசை

முதலில் பற்றரியை வெறும் கண்ணால் பாருங்கள். உறை ஊதியிருக்கிறதா, ஓட்டை அல்லது மடிப்பு விழுந்திருக்கிறதா, வயரின் தோல் உரிந்திருக்கிறதா, இனிப்பு மணம் வருகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் போட வேண்டாம்.

சரி, பற்றரி நல்லது. சார்ஜரைச் சுவரில் செருகித் திரை வந்ததும், சார்ஜரோடு வரும் தடித்த இணைப்பு வயரின் இரண்டு உலோக நுனியையும் (வாழைப்பழப் பிளக் என்பார்கள்) சார்ஜரில் முதலில் செருகுங்கள். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். பற்றரியை அதற்குப் பிறகுதான் கொழுவ வேண்டும். மாறிச் செய்தால், பற்றரியில் தொங்கும் அந்த இரண்டு உலோக நுனியும் ஒன்றோடு ஒன்று முட்டி நேராகச் சோர்ட் ஆகும். கழற்றும்போது இதற்கு எதிர்மாறு: முதலில் பற்றரி, பிறகு சார்ஜர் பக்கம்.

அடுத்தது வெள்ளைப் பலன்ஸ் கனெக்டர். சார்ஜரின் பக்கத்தில் 2 எஸ், 3 எஸ், 4 எஸ் என்று துளைகள் வரிசையாக இருக்கும், உங்கள் பற்றரிக்கு உரியதில் செருகுங்கள். கனெக்டரின் ஒரு முகத்தில் இரண்டு சின்ன வரம்பு இருக்கும், அது பொருந்தும் பக்கமாக மட்டும் உள்ளே போகும். இறுக்கமாக இருந்தால் திருப்பிப் பாருங்கள், பலத்தால் தள்ளாதீர்கள். கழற்றும்போது மெல்லிய வயரைப் பிடித்து இழுக்காமல் வெள்ளைப் பிளாஸ்ரிக்கின் விளிம்பை நகத்தால் பிடித்து இழுங்கள். அந்த வயர்கள் அடியில் அறுந்தால் பற்றரி முழுவதும் வீண்.

இப்போது திரை. லிப்போ பலன்ஸ் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். வெறுமனே சார்ஜ் என்று இருப்பது வேண்டாம், அது செல்களைச் சமப்படுத்தாது. அம்பியரை நீங்கள் கணக்கிட்ட எண்ணுக்கு வையுங்கள், செல் எண்ணிக்கையை உங்கள் பற்றரிக்கு ஏற்ப 2 எஸ் அல்லது 3 எஸ் என்று வையுங்கள். பி6 வகைச் சார்ஜரில் தொடக்கப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் திரையில் ஆர் என்றும் எஸ் என்றும் இரண்டு எழுத்து வரும். ஆர் என்பது சார்ஜர் தானாகக் கண்டுபிடித்த செல் எண்ணிக்கை, எஸ் என்பது நீங்கள் வைத்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் உறுதிப்படுத்துங்கள். வேறாக இருந்தால் நிறுத்திவிட்டு லேபிளையும் வயரையும் மறுபடி பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். செல் வோல்றுகளைக் காட்டும் பக்கத்துக்குப் போனால் 3.91, 3.92 என்று இரண்டும் சேர்ந்து ஏறுவது தெரியும். இரண்டுக்கும் இடையே 0.1 க்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து நின்றால் அந்தப் பற்றரி தளர்ந்துவிட்டது. லிப்போ சார்ஜ் ஏறும்போது கிட்டத்தட்டச் சூடாகவே கூடாது. நிக்கல் அப்படி இல்லை, நிரம்பும் நேரத்தில் இளஞ்சூடு வரும், அதுவே முடிந்ததற்கு அடையாளம். கடைசிக் கட்டத்தில் லிப்போவில் அம்பியர் மெல்ல மெல்ல இறங்கும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், செல்களை 4.20 இல் சமப்படுத்துகிறது. 1 சி யில் எல்லாமாக ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்.

இடையில் கரண்ட் நின்றால் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். உயிரில்லாத சார்ஜரில் கொழுவி விட்டால் பலன்ஸ் வயர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின் வடியலாம். கரண்ட் வந்ததும் முறை, அம்பியர், செல் எண்ணிக்கை மூன்றையும் புதிதாகப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

சில வேளை, வோல்ற் மிகக் குறைவு என்று சொல்லிச் சார்ஜர் ஏற்க மறுக்கும். நிக்கல் முறையில் கொஞ்ச நேரம் போட்டு உயிர்ப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். 3 வோல்றுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல்லை நம்பி வீட்டுக்குள் வைக்க முடியாது.

காருக்குள் பூட்டுவது

பற்றரி தட்டுக்குள் சரியாக அமர வேண்டும். வழக்கமான நீள வகை கிட்டத்தட்ட 138 மில்லிமீற்றர் நீளம், 46 அகலம், 25 உயரம். வாங்குவதற்கு முதல் தட்டை அளவுகோலால் அளந்து கொண்டுபோங்கள். பழைய டமியா வகைக் கார்களின் தட்டு நிக்கல் உருளைகளுக்காக விளிம்பு வளைந்தது, சதுர மூலை லிப்போ அதில் இறங்காது. அதற்கென்று மூலை உருண்ட லிப்போ கிடைக்கிறது, தட்டை அறுக்கத் தேவையில்லை. இடைவெளி இருந்தால் ஸ்பொஞ்ச் துண்டு வைத்து அடையுங்கள். பற்றரி ஆடினால் கார் வளையும்போது பாரம் ஒரு பக்கம் சாயும், உறையும் தேயும். பட்டியை இறுக்குங்கள், ஆனால் மெல்லிய உறை லிப்போவில் பட்டி பதிந்து தடம் விழும் அளவுக்கு வேண்டாம்.

பூட்டும்போது நான் அதிகம் கவனிப்பது வயரைத்தான். தடித்த வயர் நடுத் தண்டிலும் கியரிலும் படாமல், மோட்டாரின் சூட்டிலிருந்து விலகிப் போகவேண்டும். சில்லை இடமும் வலமுமாக முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எங்காவது வயரில் உரசுகிறதா என்று தெரியும். வெள்ளைப் பலன்ஸ் வயரை மடித்து ஒரு துண்டு ரேப்பால் ஒட்டிவிடுங்கள்.

கனெக்டர் விஷயம். டமியா, டி, எக்ஸ்டி 60, டிராக்சாஸ் என்று பல வகை, ஒன்று மற்றதில் போகாது. எக்ஸ்டி 60 இல் ஒரு பக்கம் மூலை வெட்டியிருக்கும், கூட்டல் கழித்தல் அடையாளமும் பொறித்திருக்கும். மலிவான இணைப்பு வயர் வாங்கினால் சிவப்பு சிவப்போடு போகிறதா என்று கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். மாறிக் கொழுவினால் காரின் மின் பாகம் ஒரு நொடியில் போகும். கனெக்டரையே மாற்ற வேண்டும் என்றால் ரீவி, போன் திருத்துபவர்கள் ஈயம் வைத்துத் தருவார்கள். ஆனால் அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: பற்றரியை ஓஃப் பண்ண முடியாது. இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது. சிவப்பை வெட்டி, ஈயம் வைத்து, உறை போட்டு மூடிய பிறகுதான் கறுப்பைத் தொட வேண்டும்.

கொழுவுவதற்கு முதல், ஈஎஸ்சி என்று சொல்லப்படும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பற்றரி வகை சரியாக இருக்கிறதா பாருங்கள். சிலதில் சின்னக் கறுப்புத் தொப்பி ஒன்றை லிப்போ என்ற பக்கத்துக்கு மாற்றிச் செருக வேண்டும். லிப்போவில் வைத்தால்தான் வோல்ற் குறைந்ததும் காரை நிறுத்தும். நிக்கலில் விட்டால் லிப்போவை அடிவரை உறிஞ்சிவிடும், அதோடு அந்தப் பற்றரியின் கதை முடிந்தது. மிகப் பழைய ஈஎஸ்சிகளில் இந்த வசதியே இருக்காது. அப்படி என்றால் பலன்ஸ் வயரில் செருகும் சின்ன அலாரம் ஒன்று வாங்கி, செல்லுக்கு 3.4 வோல்றில் கத்தும்படி வையுங்கள். எத்தனை செல் வரை தாங்கும் என்பதையும் ஈஎஸ்சியின் மேலே வாசியுங்கள். 2 எஸ் மட்டும் தாங்கும் காரில் 3 எஸ் போட்டால் வேகம் வரும், பிறகு புகை வரும்.

இனி வரிசை இதுதான். சில்லுகள் நிலத்தில் படாதபடி காரை ஒரு கட்டையின் மேல் வையுங்கள். றிமோட்டை முதலில் ஓன் பண்ணுங்கள், பிறகு பற்றரியைக் கொழுவிக் காரை ஓன் பண்ணுங்கள். கொழுவும்போது டிக் என்று சின்னப் பொறி வரலாம், ஈஎஸ்சிக்குள் இருக்கும் கொள்ளளவி (கப்பாசிற்றர்) நிரம்புவதால் வருவது. உலோகம் வெளியே தெரியாதபடி ஒரே தள்ளாக முழுக்கத் தள்ளுங்கள். அரைகுறையாக நின்றால் ஓடும்போது கனெக்டர் உருகும். பல ஈஎஸ்சிகள் செல் எண்ணிக்கையைப் பீப் ஒலியால் சொல்லும், எண்ணிப் பாருங்கள். நிறுத்தும்போது முதலில் கார், கடைசியாக றிமோட். றிமோட் முதலில் நின்றால் கார் தன்பாட்டில் ஓடக்கூடும்.

ஓடும்போதும் ஓடிய பிறகும்

கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கச் செம்மண் தூள் கனெக்டருக்குள் நுழையும், காய்ந்த பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் தட்டிவிடுங்கள். காரைநகர் கசூரினா கடற்கரையில் ஓட்டினால் வேறு சிரமம். மணல் இழுப்பதால் மோட்டார் கூடுதலாக மின் எடுக்கும், பற்றரி சுடும், உப்பு கனெக்டரில் பச்சை பிடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் நிறுத்தித் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றைக்குப் போதும், 60 பாகையைத் தாண்டினால் லிப்போ உள்ளே கெடத் தொடங்கும்.

கார் வேகம் குறைந்து திணறத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் ஆறவிட்டு இன்னொரு சுற்று ஓட்டலாம் என்று பெடியள் கேட்பார்கள். விடாதீர்கள், அந்தக் கடைசிச் சுற்றுத்தான் பற்றரியைக் கொல்லும். வீட்டுக்கு வந்ததும் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். சுவிச்சை ஓஃப் பண்ணினாலும் ஈஎஸ்சி கொஞ்சம் கொஞ்சமாக மின் எடுத்துக்கொண்டிருக்கும், ஒரு கிழமையில் லிப்போ செத்துவிடலாம்.

அடுத்த சில நாட்களுக்கு ஓடப் போவதில்லை என்றால் சார்ஜரில் ஸ்ரோரேஜ் முறையில் போடுங்கள். செல்லுக்கு 3.8 வோல்றில் கொண்டுவந்து நிறுத்தும். முழுதாக நிரப்பி வைத்த லிப்போ எங்கள் வெயிலில் ஊதத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குச் சனி இரவு அல்லது அன்று காலை சார்ஜ் போடுவதுதான் சரி, வெள்ளிக்கிழமையே நிரப்பி வைப்பது அல்ல. நிக்கலை ஓரளவு நிரப்பியே வைக்கலாம், இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் சார்ஜ் போட்டால் போதும்.

ஊதிய பற்றரி

ஊதிய லிப்போவை ஊசியால் குத்திக் காற்றை வெளியே எடுக்க முயல வேண்டாம், அந்த இடத்திலேயே பற்றும். வளவின் வெளியான இடத்தில் மணலின் மேல் வைத்து, 12 வோல்ற் வாகன பல்ப் ஒன்றைக் கொழுவி, வெளிச்சம் முழுக்க அணையும் வரை விடுங்கள். பிறகு இரண்டு முனையையும் தனித்தனியாக ரேப்பால் சுற்றி, மின்கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுங்கள். வளவில் கூட்டி எரிக்கும் சருகுக் குப்பையோடு அது போகக்கூடாது. வீட்டில் குப்பை எரிப்பவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

சார்ஜ் ஏறும்போது புகை வந்தால் எட்டுமென்றால் சுவர்ச் சுவிச்சை ஓஃப் பண்ணி, மணல் வாளியைக் கவிழ்த்து, பிள்ளைகளோடு வெளியே போங்கள். அந்தப் புகை நுரையீரலுக்குக் கெட்டது. பற்றரியைக் கையில் தூக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால்

உதிரி லிப்போவை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், ஏற்றி அனுப்பும் பெட்டியில் போட முடியாது. கட்டுநாயக்கவுக்கு வந்தாலும் பலாலிக்கு வந்தாலும் இதுதான் விதி. அளவு 100 வோற் மணி வரை. கணக்கு லேசானது: 7.4 வோல்றை 5 அம்பியர் மணியால் பெருக்கினால் 37. 11.1 ஐ 5 ஆல் பெருக்கினால் 55.5. ஆகவே சாதாரணக் கார்ப் பற்றரி எல்லைக்குள்தான் இருக்கும். எத்தனை கொண்டுவரலாம் என்பதை மட்டும், கொண்டுவருபவரை அவர் வரும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்ரிக் பையில் போட்டு, கனெக்டர் முனையை ரேப்பால் மூடி, லேபிள் வெளியே தெரியும்படி வைத்தால் சோதனையில் எடுத்துக் காட்டுவது சுகம். முழுச் சார்ஜில் கொண்டுவர வேண்டாம். அவரிடமே சார்ஜரும் கேட்கிறீர்கள் என்றால், 100–240 வோல்ற் என்று எழுதியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகு வாங்கச் சொல்லுங்கள்.